ஆறெழுத்துப் பூட்டு

எனக்குக் கோபம் வந்தால் உட்கார முடியாது. நடக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஒரு வருடம் பெங்களூரில் நான் நடந்த நடையை எல்லாம் சேர்த்திருந்தால் வாலாஜாவில் அம்மா வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். ஜீவனஹள்ளியில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காலையில் நடை. வழியில் பஸ் வந்து நின்றாலும் ஏற மாட்டேன். பத்தடி பின்னால் என் வீட்டுக்காரர் இரண்டு டிபன் பாக்ஸையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று கேட்க மாட்டார். கால் வலிக்கவில்லையா என்று கேட்க மாட்டார். வாயையே திறக்க மாட்டார். என் கோபமே அதுதான்.

முந்தின ஆடியில், ஏழாம் மாதத்தில், எங்கள் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார், நானும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். எங்கே கொண்டுபோனார், குழி யார் தோண்டினார்கள், எதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் குழந்தையின் பெயர் என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிறக்கும் முன்னே பெயர் பேசக் கூடாது. தொட்டில் வாங்கக் கூடாது, துணி எடுத்து வைக்கக் கூடாது. கண்பட்டுவிடும் என்பார்கள். அதனால் அந்தக் கோட்டில் தப்பு ஒன்றும் இல்லை. வைக்காத பெயரை எப்படி எழுதுவார்கள்?

பத்து மாதமாக அவர் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் 'சாப்டியா' என்பார். 'சாப்டேன்' என்பேன். 'மாத்திர?' 'ஆச்சு.' அவ்வளவுதான் எங்கள் சம்சாரம். என் அம்மா போனில், ஆம்பளைங்க மனசுக்குள்ளேயே வச்சுக்குவாங்கடி என்று சமாதானம் சொல்வாள். மனசு என்று ஒன்று இருந்தால்தானே வைக்க முடியும் என்று நான் எரிந்து விழுவேன். இந்த மனிதருக்கு நம் குழந்தை ஒரு விஷயமே இல்லை, மறந்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் சென்னையில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். வேலைக்கு வரச்சொல்லி கடிதமும் வந்துவிட்டது. மாசக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவர் வாயைத் திறந்து குழந்தை என்று சொன்னால் இருக்கிறேன், இல்லாவிட்டால் கிளம்புகிறேன் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். கெடு வைத்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால்தான் என்ன, 'சரி' என்றிருப்பார்.

இந்த அழகில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். அடுகோடி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே முதல் மாடி. கீழே இரும்பு கடைகிற சத்தம், மேலே நாங்கள் பன்னிரண்டு பேர். அவர் புரோகிராம் எழுதுகிறவர். நான் டெஸ்டிங். அவர் கட்டியதை உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஏதாவது உடைந்தால் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். மூன்று தாள், நடுவில் கார்பன். வெள்ளை மேலாளருக்கு, ரோஸ் புரோகிராம் எழுதினவருக்கு, மஞ்சள் கண்டுபிடித்தவருக்கு. என்ன குறை, எப்படி வரவழைத்தாய், அதற்கு என்ன சான்று என்று மூன்று கட்டம். அடியில் இடது பக்கம் கண்டுபிடித்தவர் கையெழுத்து, வலது பக்கம் எழுதினவர் ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்து. எங்கள் மேலாளர் மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் அந்த ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்போது எங்களுக்கு வந்திருந்த வேலை ஒரு லாரி பார்சல் சர்வீஸுக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி என்று மூன்று ஊர் புக்கிங் ஆபீஸில் பரீட்சார்த்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் பத்து மணிக்குள் ஒவ்வோர் ஊரும் மோடம் வழியாக எங்கள் ஆபீஸ் மெஷினுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எந்த லோடு எங்கே போகிறது, என்ன வாடகை என்பதைப் போட்டிக்காரர்கள் நடுவில் உருவிவிடுவார்கள் என்று லாரி முதலாளிக்குப் பயம். அதனால் செய்தியைப் பூட்டி அனுப்ப வேண்டும் என்றார். பூட்டு செய்யும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

மூன்று மாதம் அதிலேயே கிடந்தார். ஆபீஸில் எல்லோரும் அதைப் பூட்டு என்றுதான் சொல்வோம். காலையில் மூன்று ஊர்ச் செய்தியும் வந்ததும் அவரே போய்த் திறப்பார். ஊர் மெஷின்களில் சாவிச் சொல்லை உள்ளேயே பதித்துவைத்திருந்தார், குமாஸ்தாக்களுக்கு அது தெரியாது; இங்கே திறக்கும்போது ஒவ்வொரு தடவையும் கையால் அடிக்க வேண்டும். இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் மெதுவாக அடிப்பார். அடித்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளையை நினைக்க நேரமில்லை, லாரிக்காரன் சாவியை என்னமோ பொத்திப் பொத்தி வைக்கிறாரே என்று.

மேலாளர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பூட்டை உடைத்துப் பார்க்க வேண்டும், சாவிச் சொல்லை உனக்குச் சொல்ல மாட்டோம், பூட்டு வேலை செய்யும் விதம் மட்டும் தாளில் இருக்கிறது, வெளியாள் ஒருத்தன் எப்படி வருவானோ அப்படி வா என்றார். நான் அந்தத் தாளோடு என் இடத்துக்குத் திரும்பியபோது என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அது ஒடையாது" என்றார். அந்த மாதத்தில் அவராக என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். இருக்கட்டும், உடைத்துக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன். வேலைக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். அவரிடம் இருந்த ஏதாவது ஒன்றை நான் உடைக்க வேண்டும் போலிருந்தது.

பூட்டின் விதம் பெரிய சூட்சுமம் இல்லை. அப்போது எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும், இடைவெளி கிடையாது, எண்ணாக இருந்தாலும் எழுத்தால் எழுத வேண்டும். ஏ என்றால் பூஜ்யம், பி என்றால் ஒன்று, சி என்றால் இரண்டு. செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும் சாவிச் சொல்லின் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சொல் தீர்ந்தால் மறுபடி அதன் தலையிலிருந்து. இசட்டைத் தாண்டினால் திரும்ப ஏ. இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தார். சாவிச் சொல்லின் எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பது தேதிக்குத் தேதி மாறும். அதனால் நேற்று அனுப்பிய அதே செய்தியை இன்று அனுப்பினாலும் வேறு மாதிரிதான் தெரியும்.

ஒரு வாரம் அந்தக் குப்பை எழுத்துகளோடு மல்லுக்கட்டினேன். எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணினேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிரிண்ட் எடுத்த தாள்களை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தாள். சாம்பார் அடிப்பிடித்தது. அவர் அடிப்பிடித்த சாம்பாரையும் பேசாமல் சாப்பிட்டார். நன்றாக இல்லை என்றாவது சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தினேன். 'பரவாயில்ல' என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் டமால் என்று போட்டேன்.

மறுநாள் சிவாஜிநகரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காற்று அடித்து ஒரு தாளின் மேல் இன்னொன்று ஒட்டியது. பிரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே நாளில் ஓசூரிலிருந்து வந்ததும் வாணியம்பாடியிலிருந்து வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இரண்டு ஊர், இரண்டு குமாஸ்தா, ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. இருவரும் எப்படி ஒரே செய்தியை அனுப்புவார்கள்?

ஆபீஸுக்குப் போனதும் வாணியம்பாடிக்குப் போன் போட்டேன். அங்கே இருந்தவர் வயதில் பெரியவர், லாரி புக்கிங்கிலேயே தலை நரைத்தவர், என்னை மேடம் மேடம் என்று கூப்பிடுவார். லோடே இல்லாத நாளில் என்ன அனுப்புவீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கும் அனுப்பியே ஆக வேண்டுமாம். நில் ரிப்போர்ட் என்று அதற்குப் பெயர். ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் எழுதி அனுப்பாவிட்டால் முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிடுவாராம். அதற்கு வாசகத்தையும் அவரே எழுதி மூன்று ஆபீஸ் சுவரிலும் ஒட்டிவைத்திருந்தார். ஒரு சொல் மாற்றக் கூடாது. பெரியவர் சுவரைப் பார்த்து வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். பூட்டி வந்த தாளில் இருந்த எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்று கூடுதலாக இருந்தது. இதுதானா, வேறு ஏதாவது சேர்ப்பீர்களா என்று கேட்டேன்.

"மேல சுழி போடுவோம் மேடம்," என்றார் அவர். "மெஷின்ல நம்ம உ கெடையாதுல்ல, அதனால இங்கிலீஷ் யு."

பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன். பூட்டு செய்தவர் எத்தனையோ யோசித்திருக்கலாம், நம் ஆட்கள் பிள்ளையார் சுழி போடாமல் லாரி பில்லைக்கூடத் தொடங்க மாட்டார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஓசூரிலும் அதே யு, கிருஷ்ணகிரியிலும் அதே யு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரவருக்கே தோன்றியிருக்கிறது. பூட்டிய செய்தி என் கையில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தலையிலிருந்து கால்வரை தெரியும். பூட்டியதிலிருந்து பூட்டாததைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் சாவி.

மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் கழித்துக்கொண்டே போனேன். எண்களாகக் கழித்து, கட்டம் போட்ட தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். ஆறு எண். ஏழாவது மறுபடி முதல் எண். எட்டாவது இரண்டாவது எண். கடைசி வரைக்கும் ஆறும் ஆறுமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. கண்டுபிடித்துவிட்டேன். சாவிக்கு ஆறு எழுத்து. எண்களை எழுத்தாக மாற்றி என்ன சொல் என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. இவர் கெட்டிக்காரர், அர்த்தமில்லாத ஆறெழுத்தைத்தான் வைத்திருப்பார் என்று நினைத்தேன். எதிர் மேஜையில் அவர் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒடையாதா, வருகிறேன் இருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு அற்பச் சந்தோஷம்.

ஆனால் ஃபாரம் நிரப்ப வேண்டுமானால் ஒரு வழியில் வந்த குறையை இன்னொரு வழியிலும் வரவழைத்துக் காட்ட வேண்டும். தற்செயல் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. இந்தத் தடவை அவர்கள் என்ன அனுப்புகிறார்கள் என்று நான் ஊகிப்பானேன்? நான் சொல்வதை அவர்கள் அனுப்பட்டும் என்று தோன்றியது. ஏ என்றால் பூஜ்யம். பூஜ்யத்தோடு எதைக் கூட்டினாலும் கூட்டியதுதான் வரும். வெறும் ஏ, ஏ, ஏ என்று முப்பது தடவை அடித்து அனுப்பச் சொன்னால் பூட்டு தன் சாவியைத் தானே நம் கையில் கொடுத்துவிடும்.

மறுநாள் காலையில் வாணியம்பாடிக்காரரிடம் சொன்னேன். சோதனைக்காக என்றதும் ஒப்புக்கொண்டார். மேலே சுழி வேண்டாம், ஏ மட்டும் போதும் என்றேன். அங்கேதான் தகராறு.

"இன்னா மேடம், சுழி போடாம எப்பிடி அனுப்புறது? காலங்காத்தால மொத மெசேஜு."

சாமி விஷயத்தில் நான் வாதாடவில்லை. சுழி போட்டு அதற்குக் கீழே ஏ அடித்து அனுப்புங்கள் என்றேன். அன்று என் வீட்டுக்காரர் மேலாளரோடு பேங்க் வரைக்கும் போயிருந்தார், வருவதற்குப் பதினோரு மணி ஆகும். மோடம் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. செய்தி வந்துவிட்டது. திறக்கவில்லை, திறக்க எனக்குச் சாவி வேண்டியதே இல்லை. பூட்டியபடியே திரைக்குக் கொண்டுவந்தேன்.

முதல் எழுத்து சுழியோடு கூடியது, அதை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஆறெழுத்து ஐந்து தடவை, இடைவெளி இல்லாமல், ஒரே ஓட்டமாக. அன்றைய தேதிக்கு அது சொல்லின் நடுவில் தொடங்கியிருந்தது. முதல் மூன்று எழுத்துக்கு அர்த்தம் இல்லை. அப்புறம் கண் தானாக ஓர் இடத்தில் போய் நின்றது. நின்ற இடத்திலிருந்து ஆறு எழுத்து படித்தேன். மறுபடி அடுத்த ஆறு. மறுபடி அடுத்த ஆறு. நான்கு தடவை முழுசாக இருந்தது.

அது ஒரு பெயர். இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பெயர் இந்த உலகத்தில் ஒரே ஒரு தடவைதான் சொல்லப்பட்டது. சொன்னவள் நான். ஐந்தாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவாஜிநகரில் துணிக்கடை வரிசையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு கடை வாசலில் உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் கவுன் தொங்கியது. பொண்ணா இருந்தா இந்தப் பேர் வைக்கலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஐயோ, சொல்லிட்டேனே. மறந்துடுங்க. எங்கயும் வாயத் தொறந்துடாதீங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கூட்டத்தில் ஒரு கை வண்டிக்கு ஒதுங்கிக்கொண்டே அவர் 'சரி' என்றார். நானும் மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எழுந்து மாடிப்படி இறங்கி லேத் பட்டறையைத் தாண்டி ஓசூர் ரோடு பக்கமாக நடந்தேன். என்ன மனிதர் இவர், என் குழந்தை பெயரைக் கொண்டுபோய் லாரி லோடுக்குப் பூட்டாகப் போடுவாரா! வாழைக்காய் மூட்டையும் தோல் கட்டும் அந்தப் பெயருக்கு உள்ளேயா போக வேண்டும்! ஒரு டீக்கடை வாசலில் நின்றேன், டீ சொன்னேன், வாங்காமலே நடந்தேன். அப்புறம்தான் கீபோர்டை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அவர் அடிப்பது கண்ணுக்கு வந்தது. தினம் காலையில் மூன்று ஊருக்கும் மூன்று தடவை. அடித்துவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பாரே, அந்த ஒரு நிமிஷம். அப்போது வந்தது அழுகை. பட்டப்பகலில் நடுரோட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். எங்கேயும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னது நான். பத்து மாதமாக வாயைத் திறக்கவில்லை என்று அவரைக் கரித்துக் கொட்டியதும் நான்.

திரும்பி வந்து ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பேனா ஓடவில்லை. உடைந்துபோன சாவியை அன்றே தூக்கிப் போட்டுவிட வேண்டும், அதுதான் விதி. நான் நிரப்பினால் நாளைக்கு அந்த இடத்தில் வேறு சொல் வந்துவிடும். அந்தப் பெயர் இருந்த ஒரே இடமும் போய்விடும். பூட்டு நன்றாக இருக்கிறது, உடையவில்லை என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? தினம் பத்து மணிக்கு அவர் அடித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நான் உடைத்ததை இன்னொருவன் உடைப்பான். லாரி வாடகைக்காக எவனோ ஒருத்தன் அந்த ஆறெழுத்தை வெளியே எடுத்துப்போட்டு இதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பான். அதை என்னால் பொறுக்க முடியாது. எழுதினேன். குறை: லோடு இல்லாத நாளெல்லாம் ஒரே வரியை அனுப்புவதால் சாவி வெளிப்படுகிறது. வரவழைத்த விதம்: தலையில் போடும் பிள்ளையார் சுழியோடு சேர்த்து நில் ரிப்போர்ட்டைக் கழித்தும், வெறும் ஏ எழுத்துகளை அனுப்பச் சொல்லியும். சான்று என்ற கட்டத்தில் கிடைத்த சாவியை அப்படியே எழுத வேண்டும். பெரிய எழுத்தில், மூன்று தாளிலும் பதியும்படி அழுத்தி எழுதினேன். இடது பக்கம் கையெழுத்துப் போட்டேன்.

அவர் பேங்கிலிருந்து வந்து உட்கார்ந்ததும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். வழக்கம்போல் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது கட்டத்தில், சுழிய மறந்துட்டேனே என்பதுபோல நெற்றியைத் தட்டிக்கொண்டார். மூன்றாவது கட்டத்துக்கு வந்தவர் நிமிரவில்லை. கீழே பட்டறையில் ஒரு இரும்புக் குழாயை அறுத்து முடித்து அடுத்த குழாயைத் தொடங்கிவிட்டார்கள். அவர் குனிந்தபடியே இருந்தார்.

"வேற எங்க வெக்கிறதுன்னு தெரியல," என்றார். "காயிதத்துல கோடு போட்டுட்டாங்க."

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே கொண்டுபோனீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். சொன்னார். எந்த இடம், எந்த மரத்தடி, ஆட்டோக்காரர் தன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தது, எல்லாம் மெல்லிய குரலில் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பத்து மாதமாக நான் கோபத்தில் ஊரெல்லாம் நடந்தேன், அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. சொல்லி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வலது பக்கம் கையெழுத்துப் போட்டார். அவர் கண்ணைத் துடைக்கவில்லை, நானும் துடைத்துவிடவில்லை. ஆபீஸில் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது பார்ப்பதுபோல இருந்தார்கள்.

ஃபாரத்தை இருவருமாக மேலாளரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். சுழிக் கதையைப் படித்துச் சிரித்தார், பூட்டை முழுசாக மாற்றி எழுத எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். கடைசியில் விரல் சான்று என்ற கட்டத்தில் நின்றது. இது என்ன சொல், எங்கேயாவது டிக்ஷனரியில் இருப்பதா, அப்படியானால் சுலபமாக ஊகித்துவிடுவார்களே என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார்.

"நம்ம மகள ஹெசரு, சார்."

எங்கள் மகளின் பெயர் என்று அர்த்தம். எங்கள் மகள் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் கன்னடத்தில். ஆடியில் நான் லீவில் போனதும் வெறுங்கையோடு திரும்பி வந்ததும் மேலாளருக்குத் தெரியும். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம் அடியில் தன் கையெழுத்தையும் போட்டு, மூன்று தாளையும் பிரித்து, மஞ்சளை என்னிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் சிவாஜிநகரிலிருந்து இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். அவர் பத்தடி பின்னால் வரவில்லை. வழியில் அந்த மரத்தடிக்குப் போனோம். சென்னைக்கு, வர இயலவில்லை என்று மறுநாளே எழுதிப் போட்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னதற்கு 'சரி' என்றார். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம்தான்.

புதுப் பூட்டு வேறு மாதிரி, என்னால் உடைக்க முடியவில்லை. அதற்கு என்ன சாவி என்று நான் கேட்டதில்லை. எத்தனையோ வீடு மாறிவிட்டோம், அந்த மஞ்சள் தாள் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. கார்பன் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது, பெயர் மட்டும் அழுத்தி எழுதியதால் நன்றாகத் தெரிகிறது. அதற்குக் கீழே இடது பக்கம் என் கையெழுத்து, வலது பக்கம் அவருடையது.